துண்டைத் தாண்டிய கால்கள்

ஏலத்தோட்டங்களின் நடுவே சமதளம் என்பது அரிய பொருள். இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தில் வீடும் கடையும் பள்ளியும் மலைச்சரிவைத் தழுவியே நிற்கின்றன. அங்கே ஓர் ஆடுகளம் வேண்டுமெனில் ஒருபுறம் மண்ணை வெட்டி மறுபுறம் நிரப்ப வேண்டும். அவ்வாறு அமைந்த ஒரு பள்ளி மைதானத்தில், மழை சற்றே ஓய்ந்த ஒரு புரட்டாசிக் காலையில் நாம் நின்றிருந்தோம். மாணவர் சேமிப்புக் கணக்குகளுக்கான விண்ணப்பங்களைப் பெற்று வருவதே சென்ற நோக்கம். வகுப்புகளிலிருந்து படிவங்கள் வந்து சேர அரை மணி நேரமாகும் என்றார்கள். அந்த இடைவேளையில், கீழே நடந்துகொண்டிருந்த நீளம் தாண்டும் பயிற்சியைக் காணப் படியிறங்கினோம்.

உபஜில்லாப் போட்டிக்குச் செல்வோர் பட்டியல் அன்று மாலைக்குள் முடிவாக வேண்டும். வரிசையில் கடைசியாக நின்றவள் எட்டாம் வகுப்புச் சிறுமி. பெற்றோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்து தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்கள். இருவரும் காயெடுப்பு வேலை செய்பவர்கள். அவள் ஓடும் வேகத்தைக் கண்டு உடற்கல்வி ஆசிரியரே அழைத்து வந்திருந்தார். அதற்கு முன் அவள் மணற்குழியில் தாண்டியதில்லை.

ஐந்து அறிவுரைகளும் ஒரு சிறுமியும்

ஓடி வந்து, பலகையில் ஒரு காலை ஊன்றி, மணலுக்குள் தாண்ட வேண்டும். செயல் எளியதுதான். ஆனால் சுற்றி நின்ற பெரியவர்கள் அதை எளியதாக இருக்க விடவில்லை. “முழங்காலை உயர்த்து, கையை மடக்கி வீசு” என்றார் ஆசிரியர். “வலது காலைத்தான் ஊன்ற வேண்டும்” என்றாள் முந்தைய ஆண்டு போட்டிக்குச் சென்று வந்த மூத்த மாணவி. வேலைக்குப் போகும் வழியில் நின்ற தாய்மாமன், “மூச்சைப் பிடிச்சுக்க பாப்பா” என்றார். நாமும் வாளாவிருக்கவில்லை. கல்லூரி நாளில் இரண்டொரு முறை தாண்டிய பெருமிதத்தில், “உடம்பை முன்னால் சாய்த்துக்கொள் அம்மா” என்று நம் பங்கையும் சேர்த்தோம். எண்ணிப் பார்த்தால் ஐந்து அறிவுரைகள். ஒவ்வொன்றும் அவளது உடலின் ஒவ்வோர் உறுப்பைப் பற்றியது.

அவள் ஓடினாள். பலகைக்கு மூன்றடி முன்பே நடை குறுகி நின்றுவிட்டாள். இரண்டாம் முறை ஊன்ற வேண்டிய கால் மாறிப்போய்த் தடுமாறினாள். மூன்றாம் முறை தாண்டாமலே மணலுக்குள் ஓடிச் சென்றாள். மூன்று முறையும் அவளது பார்வை தன் பாதங்களின் மீதே இருந்தது. வரிசையில் நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள். அவள் ஓரத்தில் கழற்றி வைத்திருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, “எனக்கு வராது சார்” என்றாள்.

அந்த மூன்று சொற்களின் விலை பெரிது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண் குழந்தைக்குப் பள்ளி விளையாட்டு என்பது பொழுதுபோக்கோடு நிற்பதன்று. உபஜில்லா, மாவட்டம், மாநிலம் என்று ஏறிச் செல்பவர்களுக்கு விளையாட்டு விடுதியும் கல்லூரி இடமும் அரசுப் பணியும் கிட்டுவதை அந்த மலையில் அனைவரும் கண்டிருக்கிறார்கள். ஒரு காலைப் பொழுதில் மனம் சோர்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு போகும் குழந்தை, மறுமுறை மைதானத்துக்கு வருவாள் என்பதற்கு உறுதியில்லை.

அப்போது, மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மெல்ல இறங்கி வந்தார். யாரையும் குறை கூறவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மணலில் குறுக்காக விரித்தார். “அந்தத் துண்டு ஓடைன்னு வெச்சுக்க பாப்பா. தாண்டிப் போய் விழு. வேற ஒண்ணும் நினைக்க வேண்டாம்” என்றார். எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

அவள் ஓடினாள். இம்முறை தலை நிமிர்ந்திருந்தது. எந்தக் கால் ஊன்றியது என்பதை நாமும் கவனிக்கவில்லை, அவளும் கவனித்திருக்கமாட்டாள். துண்டின் ஓரத்தை மிதித்தபடி மணலில் விழுந்தவள் எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் துண்டை ஒரு சாண் தள்ளி விரித்தார். ஐந்தாவது தாண்டலுக்குப் பிறகு அவளது பெயர் பட்டியலில் எழுதப்பட்டது.

ஒரு சிறுமியை ஒரு காலையில் பார்த்ததைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. நான்கைந்து முறை ஓடியதால் அவளுக்கு அச்சம் தெளிந்திருக்கவும் கூடும். ஆயினும் அந்தத் துண்டு நம் நினைவைவிட்டு அகலவில்லை. வணிகவியல் படித்து வரவு செலவுப் புத்தகத்தோடு வாழ்ந்துவரும் நாம், விளையாட்டு உளவியல் நூல்களைத் தேடிப் படிக்க நேர்ந்தது அதனால்தான்.

பாய்மரப் பலகை தந்த பாடம்

படித்தபோது, அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் செய்ததற்கு ஒரு பெயரும், கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஆய்வு வரலாறும் இருப்பதை அறிந்தோம். ஜெர்மனியைச் சேர்ந்தவரும் பின்னர் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவருமான காப்ரியேலே வுல்ஃப் அம்மையார், பாய்மரப் பலகையில் நின்று நீரில் திரும்பும் ஒரு கடினமான வித்தையைப் பழகிக்கொண்டிருந்தார். பாதம் எங்கே இருக்கிறது, கை எங்கே பிடித்திருக்கிறது என்று எண்ணியபோதெல்லாம் நீரில் விழுந்தார். உடலை மறந்து, பலகை எப்பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் கவனிக்கத் தொடங்கியதும் வித்தை கைகூடியது. இது தற்செயலா, விதியா என்னும் கேள்வி அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றது.

1998ஆம் ஆண்டு அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் ஒரு கருவியின் மீது புதியவர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஒரு சாராரிடம், வெளிப்புறப் பாதத்தால் அழுத்தம் கொடுங்கள் என்றார்கள். மற்றொரு சாராரிடம், வெளிப்புறச் சக்கரத்தின் மீது அழுத்தம் கொடுங்கள் என்றார்கள். சக்கரம் இருந்ததோ பாதத்துக்கு நேர் கீழே. செய்ய வேண்டிய செயல் ஒன்றே. சொல் மட்டுமே வேறு. ஆனால் சக்கரத்தை எண்ணியவர்கள் நன்றாகக் கற்றார்கள். பாதத்தை எண்ணியவர்களுக்கு அந்த அறிவுரையால் நன்மை விளையவில்லை.

உடலின் அசைவைக் கவனிப்பதை அகக்கவனம் என்றும், அந்த அசைவு வெளியில் உண்டாக்கும் விளைவைக் கவனிப்பதைப் புறக்கவனம் என்றும் இக்கட்டுரையில் அழைப்போம். முழங்காலை எண்ணுவது அகக்கவனம். தாண்ட வேண்டிய துண்டை எண்ணுவது புறக்கவனம்.

நம் சிறுமியின் விளையாட்டுக்கு மிக அருகில் வரும் சான்று 2010ஆம் ஆண்டினது. அமெரிக்காவில் ஜாரெட் போர்ட்டர் என்னும் ஆய்வாளர் குழுவினர், 120 கல்லூரி மாணவர்களை நின்ற நிலையிலிருந்து நீளம் தாண்டச் செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு, முழங்கால்களை எவ்வளவு விரைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு விரைவாக நீட்டுவதில் கவனம் வையுங்கள் என்று கூறப்பட்டது. மறு பகுதியினருக்கு, தொடக்கக் கோட்டைக் கடந்து எவ்வளவு தொலைவு செல்ல முடியுமோ அதில் கவனம் வையுங்கள் என்று கூறப்பட்டது. முன்னவர்களின் சராசரி சுமார் 177 சென்டிமீட்டர். பின்னவர்களின் சராசரி சுமார் 187 சென்டிமீட்டர். கூடுதல் உணவில்லை, கூடுதல் பயிற்சியில்லை. ஒரு வாக்கியத்தின் வேறுபாடு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்.

கூடைப்பந்தில் தனி எறிதலைப் பற்றிய ஆய்வு மற்றொரு செய்தியைத் தருகிறது. மணிக்கட்டின் வீச்சை எண்ணி எறிந்தவர்களைவிட, வளையத்தை எண்ணி எறிந்தவர்களின் குறி நன்றாக இருந்தது. அத்துடன், அவர்களுடைய கைத்தசைகளில் பதிவான மின்னசைவும் குறைவாக இருந்தது. அதாவது, குறைந்த உழைப்பில் மிகுந்த துல்லியம்.

ஏன் இப்படி?

நடப்பது, ஓடுவது, எறிவது போன்ற செயல்களை நம் உடல் பெரும்பாலும் நாம் அறியாமலேயே ஒழுங்குபடுத்துகிறது. ஓர் அடி எடுத்து வைக்க எத்தனையோ தசைகள் உரிய நேரத்தில் இறுகித் தளர வேண்டும். அவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்து, இதை நான் நடத்துகிறேன் என்று மனம் உட்புகுந்தால் மற்றவை குழம்புகின்றன. ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுவே. மனம் விளைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், உடல் தன் பழைய ஞானத்தைக் கொண்டு வேலையை முடித்துவிடுகிறது.

இதற்குச் சான்று தேடி ஆய்வுக்கூடம் செல்ல வேண்டியதில்லை. வங்கியின் காசாளர் நூறு தாள் கொண்ட கட்டை எண்ணும்போது, விரல்கள் தாமாகவே இயங்குகின்றன. பெருவிரல் எப்படித் தள்ளுகிறது என்று பார்க்கத் தொடங்கினால் எண்ணிக்கை தவறிவிடும். நம் கிளையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களிடம் இதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். குமுளி மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டப் பழகுபவனிடம் மூத்த ஓட்டுநர், கையைப் பார்க்காதே, வளைவு முடியும் இடத்தைப் பார் என்பார். காயெடுக்கப் புதிதாக வந்த பெண்ணுக்கு மூத்த பெண் விரலசைவைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பறிக்கும் பக்குவத்துக் காய் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, இது போன்றதை எடு என்கிறாள்.

துரோணர் தம் மாணவர்களைச் சோதித்த கதையை நாமெல்லாம் அறிவோம். மரக்கிளையில் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். வில்லை ஏந்திய கை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை என்பது இப்போதுதான் நமக்கு உறைக்கிறது. அர்ச்சுனனுக்குப் பறவை மட்டுமே தெரிந்தது. அவன் உடலும் அவனுக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

வரவைச் சொன்னவர் செலவையும் சொல்ல வேண்டும். உடலைப் பற்றி எண்ணவே கூடாது என்று இவ்வாய்வுகளைப் பொருள்கொள்வது பிழை. 2002ஆம் ஆண்டு சியான் பெய்லாக் என்னும் உளவியலாளரும் சக ஆய்வாளர்களும், கால்பந்தை வரிசையாக வைத்த கூம்புகளுக்கு இடையே உருட்டிச் செல்லச் செய்து பார்த்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் தம் பாதத்தின் எப்பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனித்தபோது வேகம் குறைந்தது. ஆனால் புதியவர்களோ, கவனம் வேறொரு வேலையில் சிதறியபோதைவிட, தம் பாதத்தைக் கவனித்தபோது நன்றாகச் செய்தார்கள். தேர்ந்தவர்களுமேகூட, பழக்கமில்லாத இடக்காலால் ஆடியபோது புதியவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

ஆகவே, முதல் நாளன்று ஒரு குழந்தைக்கு எந்தக் காலை ஊன்றுவது என்று தெரிந்தாக வேண்டும். மணலில் முழங்காலை விறைத்தபடி விழுந்தால் அடிபடும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். புறக்கவனம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு பெரும் பகுப்பாய்வு அதன் பயனை உறுதிசெய்தது. பின்னர் வந்த மறுஆய்வு ஒன்றோ, வெற்றி கண்ட ஆய்வுகளே மிகுதியாக அச்சேறுவதால் அப்பயன் உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றக்கூடும் என்று எச்சரித்தது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆயினும் ஒன்றில் நமக்கு ஐயமில்லை. அன்று காலை அந்தச் சிறுமியின் தடை ஓர் அறிவுரையால் வந்ததன்று. ஐந்து அறிவுரைகள் ஒரே மூச்சில் வந்ததால் வந்தது. வளர்ந்த மனிதர்களின் உடனடி நினைவிலேயே ஒரு நேரத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளுக்குத்தான் இடம் உண்டு என்பது உளவியலாளர் பலரின் கணிப்பு. கவனமும் ஒரு சேமிப்புக் கணக்கைப் போன்றதே. இருப்பு சிறியது. ஐந்து பேர் ஒரே நொடியில் பணம் எடுக்க வந்தால், கடைசியில் தாண்டுவதற்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை.

மலைநாட்டின் ஓட்டக்காரர்கள்

கவனம் செல்லும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. தொடுபுழையில் பிறந்த ஷைனி வில்சன், 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதி வரை சென்றவர். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் அதே ஓட்டத்தில் அவர் முன்னணியில் ஓடினார். 800 மீட்டர் ஓட்டத்தில் முதல் வளைவு முடியும் வரை தத்தம் பாதையிலேயே ஓட வேண்டும். அதற்குரிய இடத்துக்கு முன்பே அவர் உட்பாதைக்கு மாறிவிட்டதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கால்களில் குறையில்லை, மூச்சில் குறையில்லை. தரையில் இருந்த ஒரு கோடு அந்த நொடியில் அவருடைய கவனத்துக்குத் தப்பியது. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் நாட்டுக்காக ஓடினார். இந்திய உணவுக் கழகத்தில் பணியும் பெற்றார்.

இதே மாவட்டத்துக் கொம்பிடிஞ்ஞாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோள், 2002ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அதே போட்டியில் ஆடவர் 800 மீட்டரில் அவருடைய தம்பி கே.எம். பினு வெள்ளி வென்றார். இராஜாக்காட்டுப் பகுதியிலிருந்து வந்த ப்ரீஜா ஸ்ரீதரன், 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 நொடியில் ஓடித் தங்கமும், 5,000 மீட்டரில் வெள்ளியும் பெற்றார். ஏலமும் மிளகும் விளையும் சரிவுகளிலிருந்து இத்தனை பேர் எழுந்ததைக் கண்ட பின், ஓரமாய்ச் செருப்பை எடுக்கும் எந்தக் குழந்தையையும் எளிதாக விட்டுவிட மனம் வருவதில்லை.

நீளம் தாண்டுதலுக்கு வருவோம். பாலக்காட்டைச் சேர்ந்த எம். ஸ்ரீசங்கர், முன்னாள் மும்முறை தாண்டும் வீரரான தம் தந்தை எஸ். முரளியிடமே பயின்றவர். 2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில் அவர் 8.08 மீட்டர் தாண்டினார். தங்கம் வென்ற பஹாமாஸ் நாட்டு லகுவான் நெய்ர்ன் தாண்டியதும் அதே 8.08 மீட்டர்தான். இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலை ஒப்பிட்டதில் ஸ்ரீசங்கருக்கு வெள்ளி கிடைத்தது. இந்த விளையாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு உள்ள மதிப்பு அத்தகையது.

அந்தச் சென்டிமீட்டர்கள் எங்கே தோன்றுகின்றன? டேவிட் லீ என்னும் ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 1982இல் தேர்ந்த வீராங்கனைகளின் ஓட்டத்தை அடியடியாக அளந்தார்கள். தொடக்கத்திலிருந்து பெரும்பகுதித் தூரம் அவர்களுடைய அடிகள் ஒரே சீராக இருந்தன. கடைசிச் சில அடிகளில் மட்டும், பலகையைக் கண்ணால் கண்டு அடியின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பொருத்திக்கொண்டார்கள். தம் கால் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்து அவர்கள் இதைச் செய்யவில்லை. கண் பலகையைக் கண்டது. கால் தன் கணக்கைத் தானே முடித்துக்கொண்டது. கண் பார்த்தால் கை செய்யும் என்பது நம் முன்னோர் சொல். கைக்கு உரியது காலுக்கும் உரியதே.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

வாசகர்களுள் பலர் பெற்றோர், சிலர் ஆசிரியர்கள். மாலையில் மிதிவண்டியோ நீச்சலோ இறகுப்பந்தோ பழகும் குழந்தையின் அருகில் நிற்பவர்களுக்காக, படித்தவற்றிலிருந்து திரட்டிய சிலவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, ஒரு முறைக்கு ஒரு சொல். திருத்த வேண்டியவை நான்கு இருப்பினும், இன்றைக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்ற மூன்றும் நாளைக்குக் கெட்டுப்போய்விடாது.

இரண்டாவது, உறுப்பின் பெயரைப் பொருளின் பெயராக மாற்றுங்கள். முழங்காலை உயர்த்து என்பதற்குப் பதிலாக, சிறு வரப்புகளைத் தாண்டுவது போல ஓடு எனலாம். காலை வேகமாக நீட்டு என்பதற்குப் பதிலாக, தரையைப் பின்னுக்குத் தள்ளு எனலாம். கையை நேராக வீசு என்பதற்குப் பதிலாக, பந்தை அந்தத் தூணுக்கு அனுப்பு எனலாம். உடலின் நுட்பம் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் குழந்தைக்குப் புரியும் உலகத்தின் மொழியில் மாற்றித் தருவதே அவருடைய திறமை.

மூன்றாவது, உவமை. மேசைப்பந்தில் பந்தைச் சுழற்றி அடிப்பதற்குப் பல விதிகளைக் கூறுவதைவிட, மட்டையால் ஒரு செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தை வரைவது போல அடி என்று ஒரே உவமையைச் சொல்லிப் பழக்கிய ஆய்வு உண்டு. அவ்வாறு கற்றவர்கள் நெருக்கடியிலும் தடுமாறவில்லை. ரிச் மாஸ்டர்ஸ் என்னும் ஆய்வாளர் 1992இல் கோல்ஃப் ஆட்டத்தில் கண்டதும் இதனை ஒத்ததே. விதிகளை மனப்பாடம் செய்து கற்றவர்கள் பதற்றத்தில் அவ்விதிகளையே எண்ணிச் சறுக்கினார்கள்.

நான்காவது, ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னும் பேசாதீர்கள். ஒவ்வொரு முறையும் விளைவைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, பாதி முறைகளில் மட்டும் சொல்வது கற்றதை நிலைக்கச் செய்கிறது என்று 1990ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இடைப்பட்ட மௌனத்தில்தான் குழந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளப் பழகுகிறது.

ஐந்தாவது, பேசும்போது நன்றாக அமைந்ததைப் பற்றிப் பேசுங்கள். குறிபார்த்து மணிப்பை எறியும் 2007ஆம் ஆண்டு ஆய்வொன்றில், சரியாக விழுந்த எறிதல்களைப் பற்றி மட்டும் கேட்டவர்கள், தவறிய எறிதல்களைப் பற்றிக் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். நம் வீடுகளில் வழக்கம் இதற்கு நேர்மாறானது. மதிப்பெண் அட்டையில் குறைந்த பாடத்தின் மீதே நம் விரல் முதலில் விழுகிறது.

கடைசியாக, ஒரு களத்தில் ஒரு குரல். மாமாவும் அக்காவும் விருந்தினராக வந்த வங்கி அலுவலரும் கைதட்டினால் போதுமானது.

கவுண்டருக்கு இப்புறம்

இதை எழுதும்போது நம் பணியிடமும் நினைவுக்கு வருகிறது. முதல்முறையாக ஏ.டி.எம். இயந்திரத்தின் முன் நிற்கும் முதியவரிடம், அட்டையை இப்படிப் பிடியுங்கள், பெருவிரலை இங்கே வையுங்கள், பயப்படாதீர்கள், எண்ணை மறைத்துக்கொள்ளுங்கள், விரைவாக அழுத்துங்கள் என்று பின்னால் நிற்பவர்கள் எல்லாம் அடுக்குவதைப் பார்த்திருக்கிறோம். அவருடைய விரல் நடுங்குவது முதுமையால் மட்டுமன்று. திரையில் வரும் ஒரு கேள்வியைப் படித்து, அதற்கு மட்டும் விடை தந்து, அடுத்ததற்குச் செல்லலாம் என்று ஒருவர் அமைதியாகச் சொன்னால், பெரும்பாலோர் இரண்டாம் முறை தாமாகவே பணம் எடுத்துவிடுகிறார்கள். இரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லித் தட்டச் சொல்லும் ஆபத்தான பழக்கமும், பெரும்பாலும் “எனக்கு வராது” என்னும் அதே சோர்விலிருந்தே பிறக்கிறது. அந்தச் சோர்வை உண்டாக்காதிருப்பது கவுண்டருக்கு இப்புறம் இருக்கும் எங்கள் கடமை.

சக்குபள்ளத்துக்கு மீண்டும் சென்றது அடுத்த மாதம், கணக்குப் புத்தகங்களைக் கொடுப்பதற்காக. அந்தச் சிறுமி உபஜில்லாப் போட்டியில் பரிசு எதுவும் பெறவில்லை என்றார் உடற்கல்வி ஆசிரியர். அவளோடு தாண்டிய பிள்ளைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் பழகியவர்கள். நாம் சற்றே வருந்தியதைக் கண்டு, மைதானத்தின் பக்கம் கைகாட்டினார்.

பள்ளி விட்டு நெடுநேரம் ஆகியிருந்தது. ஏலத்தோட்டத்து நிழல் மணற்குழியின் பாதிவரை வந்துவிட்டது. அவளும் அவளைவிடச் சிறிய இரு பெண்களும் அங்கே இருந்தார்கள். யாருடையதோ ஒரு பழைய துண்டு மணலில் குறுக்காகக் கிடந்தது. சிறியவளின் முறை வந்தபோது, அவள் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். “கீழ பாக்காதடி, துண்டப் பாரு” என்றது ஒரு குரல்.

நாம் எதுவும் சொல்லாமல் படியேறினோம்.